நாற்பத்தோராம் இலக்கம்

மக்டலீனின் சொல்லுக்கு விலை ஐந்நூறு குரோனர். பேரம் கிடையாது.

ஒஸ்லோவில் பழைய கார் வாங்கப் புறப்படும் தமிழர்கள் வங்கிக்குப் போவதற்கு முன்பே அவளுக்கு போன் எடுத்துவிடுவார்கள். அவள் வருவாள். காரைச் சுற்றி நடப்பாள், குனிவாள், மணந்து பார்ப்பாள், முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்புவாள். "எடுக்கலாம்" என்றால் அந்த இடத்திலேயே காசு கைமாறும். "வேண்டாம்" என்றால், விற்க வந்தவன் பிள்ளைகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் வியாபாரம் படுத்துவிடும். ஏன் வேண்டாம் என்று ஒருவரும் கேட்பதில்லை; அவளும் சொல்வதில்லை. காரணம் சொல்லப்போனால் விற்பவன் பதில் சொல்வான், பதில் வந்தால் பேரம் வரும், பேரம் வந்தால் அரை மணி நேரத்தில் பழுதான கார் மலிவான காராகத் தெரியத் தொடங்கும். மனிதரை அவ்வளவு அறிந்தவள் ஐந்நூறோடு நிறுத்திக்கொண்டாள் என்பதுதான் ஆச்சரியம்.

அந்தக் கண் அவளுக்கு மீனிலிருந்து வந்தது.

சொந்த ஊரான குருநகரிலிருந்து கிளம்பி 1987இல் அவள் வந்து சேர்ந்த இடம் நோர்வேயின் வடக்கு விளிம்பில் இருக்கும் பாட்ஸ்பியோர்ட். அங்கே மீன் தொழிற்சாலையில் வெளிச்ச மேசை என்று ஒன்று இருந்தது. பால் நிறக் கண்ணாடி, அடியில் விளக்கு. வெட்டிய மீன் துண்டை அதன்மேல் போட்டால், வெள்ளை வெளேரென்று இருக்கும் சதைக்குள் சுருண்டு கிடக்கும் புழுவும் முறிந்த முள்ளும் நிழலாகத் தெரியும். ஒவ்வொரு பெட்டியிலும் அதை நிரப்பியவளின் இலக்கம் எழுதிய துண்டைப் போட வேண்டும். பெட்டியில் முள் அகப்பட்டால் மேற்பார்வைக்காரி பெயரைச் சொல்லமாட்டாள். மண்டபம் முழுக்கக் கேட்க இலக்கத்தைக் கூப்பிடுவாள். மக்டலீனின் இலக்கம் நாற்பத்தொன்று. ஆறு வருடத்தில் அந்த இலக்கத்தை ஒருவரும் கூப்பிடவில்லை.

ஒஸ்லோவுக்கு வந்து, குரோருட் பக்கம் அடிபட்ட கார்களைத் திருத்தும் பட்டறை ஒன்றில் பெயின்ற் அடிக்கச் சேர்ந்தபிறகும் இலக்கம் அவளை விடவில்லை. நிறம் பூசுவதற்கு முன், அடிப்பூச்சு முழுதாகக் காயாத பதத்தில், எவருடைய கண்ணும் போகாத ஒரு மூலையில் ஆணி முனையால் 41 என்று சின்னதாகக் கீறிவிடுவாள். கீறச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. பெருமை என்று ஒப்புக்கொண்டால் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிவரும் என்பதால், பழக்கம் என்று சொல்லிக்கொண்டாள்.

2004ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் தாண்டி, ரொம்சோஸ் அடுக்குமாடிகளின் கீழே இருக்கும் கார்த் தரிப்பிடத்துக்கு அவள் போனாள். கூப்பிட்டவர் பாலேந்திரன். பாதாள ரயில் ஓட்டுகிறவர்; ஒரு பால் பெட்டி வாங்குவதற்கு மூன்று கடை ஏறி இறங்குகிறவர். வாங்கப் போவது அவரல்ல, மகள் கம்சிகா. இருபத்துநாலு வயது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்த நாளிலிருந்து மாதா மாதம் சேர்த்த காசுக்கு, சிவப்பு நிறத்தில் இரண்டு கதவு யப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள்.

"ரெண்டு கதவுதான், மக்டலீன்," என்றார் பாலேந்திரன், வணக்கம் சொல்வதற்குப் பதிலாக. "வீட்டிலை நாங்கள் நாலு பேர். ஆளுக்கு அரைக் கதவு வருது."

"நீங்கள் நாள் முழுக்க ஆறு பெட்டி ரயில் ஓட்டுறியள்தானே அப்பா. உங்களுக்குக் கதவு காணாதே?" என்றாள் கம்சிகா.

"ரயிலை நான் காசு குடுத்து வாங்கேல்லைப் பிள்ளை."

விற்பவன் தினேஸ் காருக்குப் பக்கத்தில் கைகளைத் தேய்த்தபடி நின்றான். மட்டக்களப்பான், முப்பது வயதிருக்கும், பாண் தொழிற்சாலையில் வேலை. நகத்தோரம் மாவின் வெள்ளை போகவேயில்லை. காரைப் பார்த்து நின்ற விதத்தில், அவன் ஏமாற்றுக்காரன் அல்ல என்று மக்டலீனுக்குப் பட்டது. ஏமாற்ற வந்தவன் வாங்குபவரின் முகத்தைப் பார்ப்பான். இவன் காரைப் பார்த்தான், விட்டுப் பிரிகிறவனின் பார்வையில்.

"பிள்ளை கிடைக்கப் போகுதக்கா," என்றான். "எட்டு மாசம். தள்ளு வண்டில் டிக்கிக்குள்ள போகாது. அதான் விக்கிறன். இல்லாட்டி என்ட உசிர் போனாலும் விக்கமாட்டன்."

மக்டலீன் முதலில் பொனற்றில் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லியிருந்தாள், தொடவில்லை. வாங்குபவர் வருமுன்பே சூடாக்கி வைத்த எஞ்சின், குளிரில் தான் போடும் முனகலை மறைக்கிற எஞ்சின். "இப்ப ஸ்ராட் பண்ணுங்கோ தம்பி," என்றாள். பண்ணினான். ஒரே பிடியில் எழும்பியது. புகை வெள்ளையாக வந்து மெலிந்தது. எண்ணெய் எரிவதைக் காட்டும் நீலமில்லை.

பிறகு அவளுடைய வழக்கமான சடங்கு. கையிலிருந்த விளக்கைக் காருக்கு மேலே பிடிக்காமல், தகரத்தோடு ஒட்டினாற்போல் கிடையாகப் பிடித்தாள். அப்படிப் பிடித்தால் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஓடும்; பள்ளத்தைப் பட்டிப் பசை போட்டு நிரவிய இடத்தில் இடறும். கதவோரங்கள், சில்லுக்கு மேல் வளைவு, பொனற்றின் மூக்கு. எங்கும் இடறவில்லை. சீலையில் சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தாள், ஒட்டியது. பிறேக் மிதியின் றப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறதென்று விரலால் தடவி, மீற்றரில் ஓடியிருந்த கிலோமீற்றரோடு மனத்துக்குள் பொருத்தினாள். பொருந்தியது.

"அன்ரி, உங்களுக்குப் பிடிச்சிருக்குத்தானே?" கம்சிகாவால் பொறுக்க முடியவில்லை.

"நான் கலியாணம் கட்டப்போறேல்லைப் பிள்ளை. நீ சும்மா நில்."

பாலேந்திரன் சிரித்தார். "மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு பாக்கமாட்டினம்."

"மாப்பிள்ளைக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஈயூ கொன்ட்ரோல் இல்லையே அண்ணை. அதுதான் எல்லாரும் தப்புறியள்."

அந்தப் பேச்சைக் கேட்டு தினேஸுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஈயூ கொன்ட்ரோல் எனும் அரசாங்கப் பரிசோதனையில் கார் கடைசியாகத் தேறிய தாளை எடுத்து நீட்டினான். போன வருடம், குறையொன்றுமில்லை. மக்டலீன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு முன் ஆசனத்தின் பாதுகாப்புப் பட்டியைக் கடைசிவரை இழுத்தாள். அடியில் தைத்திருக்கும் துண்டில், பட்டி செய்த ஆண்டு இருக்கும். தொண்ணூற்றாறு. பின்னாசனத்துக்குள் தலையை நுழைத்து அங்குள்ள பட்டியை இழுத்தாள். தொண்ணூற்றுமூன்று.

ஒரு காரில் எல்லாப் பட்டியும் ஒரே காலத்தில்தான் பூட்டப்படும். முன்னுக்குப் புதிய பட்டி இருந்தால் மாற்றியிருக்கலாம். மாற்றியிருந்தால் ஒரு காரணம் இருக்கும். பின் கண்ணாடியின் மூலையிலிருந்த சின்ன எழுத்துகளைப் பார்த்தாள். அதுவும் தொண்ணூற்றுமூன்று. முன் கண்ணாடி தொண்ணூற்றாறு. அவளுடைய பகிடி நின்றுவிட்டது.

"டிக்கியைத் திறவுங்கோ."

விரிப்பைத் தூக்கினாள். உபரிச் சில்லை வெளியே எடுக்கச் சொன்னாள். சில்லுக் கிடந்த குழிக்குள் விளக்கை இறக்கினாள். அழகான பூச்சு. தொழிற்சாலையில் இயந்திரம் அந்த இடத்தை ஏனோதானோ என்று பூசி அனுப்பும். ஒருவரும் பார்க்காத இடத்துக்கு இவ்வளவு கவனம் எடுக்க இயந்திரத்துக்கு மனச்சாட்சி கிடையாது. இது கையால் பூசியது. நல்ல கை. குழியின் ஓரத்தில் தண்ணீர் வடிவதற்கான துளையை மூடியிருந்த றப்பர் அடைப்பானை நகத்தால் நெம்பினாள். அடைப்பானுக்கு அடியில், சிவப்புக்குக் கீழே மேடு பள்ளமாக, அரிசி மணியளவில் இருந்தது: 41.

அவள் செய்த முதல் காரியம், அடைப்பானைத் திரும்பப் பொருத்தியது.

2000ஆம் ஆண்டு தை மாதம். அவளுடைய தம்பி மொஸ்கோவில் ஒரு தொடர்மாடி வீட்டில், பதினாலு பேரோடு பூட்டி வைக்கப்பட்டிருந்தான். அடுத்த எல்லையைத் தாண்ட வைக்க, ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் மேலும் நாற்பதாயிரம் குரோனர் கேட்டான். அவளிடம் இருபத்தையாயிரம் இருந்தது. மிச்சத்துக்கு அலைந்த கிழமையில்தான் பாக்கியராசா வந்தான். கார் வியாபாரி. ஆல்னா ஆற்றுப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலை வாடகைக்கு எடுத்திருந்தான். முன்பக்கம் நொறுங்கிய ஒரு கார், பின்பக்கம் நொறுங்கிய இன்னொரு கார், இரண்டையும் நடுவில் அறுத்து நல்ல பாதிகளை ஒட்டினால் ஒரு முழுக் கார். ஒட்டுவதற்கு அவனிடம் ஆள் இருந்தது. ஒட்டியது தெரியாமல் பூசுவதற்கு ஆள் தேவைப்பட்டது.

"இதெல்லாம் போலந்துக்குப் போற சாமான் தங்கச்சி," என்றிருந்தான். "அங்க போய் மறுகா ஆரு பாக்கிற?"

இரவுகளில் போய்ப் பூசினாள். பதினையாயிரத்தை எண்ணி வாங்கி, அடுத்த நாளே ஏஜென்சிக்காரனுக்கு அனுப்பினாள். தம்பி வந்து சேர்ந்தான். இப்போது பேர்கனில் பஸ் ஓட்டுகிறான், நத்தார் பண்டிகைக்கு போன் எடுக்கிறான். பாக்கியராசா கனடாவுக்குப் போய்விட்டான். அன்று அவள் பூசியது கார்கூட இல்லை. கண்ணும் காலும் குடலும் கழற்றிய தகரக் கூடு. இன்று கண்டதும் அடையாளம் பிடிக்க வழியில்லை; சிவப்புக் கார் ஒஸ்லோவில் ஆயிரம். ஆனால் அந்தக் கொட்டிலில் நின்றுகொண்டுகூட, மீன் பெட்டிக்குத் துண்டு போடுவதுபோல, அவளுடைய கை தன்பாட்டில் ஆணியை எடுத்திருக்கிறது.

ஒட்டியது நானில்லை என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது உண்மையுங்கூட. ஒட்டைப் பார்த்தவள் மட்டும்தான். கோழி கிளறியதுபோல இருந்த அந்த வெல்டிங்கைப் பார்த்துவிட்டு, மேலே பட்டிப் பசை அப்பி, அரைத்து, மினுக்கியவள் மட்டும்தான்.

"என்ன அன்ரி?" கம்சிகா பக்கத்தில் வந்து நின்றாள்.

மக்டலீன் எழும்பினாள். முழங்காலைத் தட்டவில்லை.

"வேண்டாம்," என்றாள்.

கம்சிகாவின் முகம் சுருங்கியது. பாலேந்திரன் ஒரு பெருமூச்சு விட்டார். அதில் பாதி நிம்மதி. "அவ வேண்டாமெண்டால் வேண்டாந்தான் பிள்ளை. வா போவம். நாலு கதவாப் பாப்பம்." பணப்பையிலிருந்து ஐந்நூறை உருவினார்.

இவ்வளவோடு முடிந்திருக்கும். காசு கொடுத்தவருக்குச் செய்யவேண்டியதை அவள் செய்துவிட்டாள். அந்தப் பிள்ளை தப்பிவிட்டது. காரணம் கேட்காத வழக்கத்தை அவளே உண்டாக்கி வைத்திருந்தாள். அது இப்போது அவளைச் சுற்றி நல்ல உயரமான மதிலாக நின்றது. வரப்போகும் தை மாதத்திலிருந்து பட்டறையில் கால்பங்கு அவளுக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். பங்குக்குக் கட்ட ஒரு இலட்சத்து இருபதாயிரம் வங்கியில் தயாராகக் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு பத்து அடி நடந்தால் படிக்கட்டு.

தினேஸ் டிக்கியை மூடினான். கோபமில்லை, கொஞ்சம் ரோசம். "பரவாயில்லக்கா. ஒங்களுக்குப் புடிக்கல்லண்டா விடுங்க. நாளைக்கு ட்ராம்மன்ல இரிந்து ஒரு வெள்ளைக்காரப் பொடியன் வாறான். போட்டோவப் பாத்தே நூற்றுப் பன்னிரண்டாயிரத்துக்கு ஓமெண்டுட்டான்."

அப்போது படிக்கட்டுக் கதவு திறந்தது. தினேஸின் மனைவி துசாந்தினி, ஒரு கையில் தேத்தண்ணிப் போத்தல், மறு கையில் காகிதக் கோப்பைகள். வயிற்றுக்கு மேல் அவளுடைய குளிர்ச்சட்டை பூட்டுப்படவில்லை. வந்ததும் எல்லாருக்கும் ஊற்றினாள். குனிய முடியாமல், காரின் கதவைத் திறந்து, சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் பக்குவமாக உட்கார்ந்துகொண்டாள். அந்த ஆசனம் வயிற்றுக்கு இடம் விட்டுப் பின்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்ததை மக்டலீன் முன்பே கண்டிருந்தாள். கண்டபோது அது ஒரு தள்ளிய ஆசனம் மட்டுமே.

"நேத்தும் இதிலதான் கிளினிக்குக்குப் போய் வந்த," என்றாள் துசாந்தினி கம்சிகாவிடம். "நல்ல ஓட்டம் தங்கச்சி. தூக்கிப் போடாது. நீங்க எடுத்தா எனக்கும் சந்தோசம்."

ஒட்டு அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே ஓடியது.

மக்டலீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "தங்கச்சி, ஒருக்கா இறங்குங்கோ."

"ஏனக்கா?"

"இறங்குங்கோ எண்டுறன்."

அந்தக் குரலில் துசாந்தினி எழும்பிவிட்டாள். மக்டலீன் பையிலிருந்து திருகாணிச் சாவியை எடுத்து, கதவு வாசலில் கால் வைக்கும் இடத்தை மூடியிருந்த பிளாஸ்ரிக் பட்டையைக் கழற்றத் தொடங்கினாள். நாலு ஆணி. மூன்றாவதைக் கழற்றும்போது தினேஸ் ஓடி வந்தான்.

"என்னக்கா செய்றீங்க? வேணாமெண்டு சொல்லிப்போட்டு என்ட காரைக் களட்டுறீங்க!"

"பழுதாக்கினால் காசு தாறன். பொறுங்கோ."

பட்டையைத் தூக்கி எறிந்தாள். உள்ளே சிவப்பு வழவழவென்று மின்னியது. சாவியின் முனையை அதில் வைத்து, உள்ளங்கையால் ஒரு குத்து. பூச்சு உடைந்தது. மறுபடி ஒரு குத்து. சாம்பல் நிறப் பட்டிப் பசை பாண் துண்டளவில் பெயர்ந்து தரையில் விழுந்தது. அதற்குப் பின்னால் இரும்பு இருந்திருக்க வேண்டும். இருந்தது ஒரு வெடிப்பு: இரண்டு தகர விளிம்புகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெல்டிங் பொட்டுகள், இடையில் செங்கல் நிறத்தில் துரு. சாவி முனை அதற்குள் எதிர்ப்பேயில்லாமல் பிடிவரை இறங்கியது.

கம்சிகாதான் முதலில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தாள்.

"இது ரெண்டு கார்," என்றாள் மக்டலீன். "நடுவிலை ஒட்டியிருக்கு. இந்தப் பக்கமும், மற்றப் பக்கமும், சீற்றுக்குக் கீழை குறுக்காவும். ஒரு அடி வந்தால் இது நசுங்காது, பிரியும்."

"ஈயூ கொன்ட்ரோல் பாஸாச்சே!" தினேஸ் தாளை ஆட்டினான். "போன வருசம் பாஸாச்சே அக்கா!"

"அடியிலை தார் பூசிக் கிடக்கு. மேலை பெயின்ற். ஒருத்தரும் சுரண்டிப் பாக்கமாட்டினம்."

"அப்ப நீங்க என்னெண்டு கண்டுபுடிச்ச?"

நியாயமான கேள்வி. அவளுக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. ஆசனப் பட்டியின் ஆண்டு, கண்ணாடியின் ஆண்டு என்று சொல்லலாம். அதுவும் பொய்யல்ல. கெட்டிக்காரி என்ற பெயர் இன்னும் ஒரு முழம் வளரும்.

"ஒட்டினவன் பாக்கியராசா எண்டு ஒருத்தன்," என்றாள். "பூசினது நான்."

டிக்கியைத் திறந்து, அடைப்பானைக் கழற்றி, விளக்கைப் பிடித்துக் காட்டினாள். மீன் தொழிற்சாலையில் தன்னுடைய இலக்கம் அதுவென்று சொன்னாள்.

"நீயோ?" என்றார் பாலேந்திரன். அவர் அவளை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. "ஊரெல்லாம் உன்ரை சொல்லை நம்பிக் கார் எடுத்திருக்கு. என்ரை தம்பி எடுத்தவன். எங்கடை ஐயர் எடுத்தவர்."

"அதுகள் நல்ல கார்தான் அண்ணை."

"நல்ல காரெண்டு ஆர் சொல்லுறது? நீதானே!"

தினேஸ் சுவரில் சாய்ந்து நின்றான். ஆறு வருடம் விடிய விடியப் பாண் சுட்ட காசு, என்று திரும்பத் திரும்ப முணுமுணுத்தான். துசாந்தினிதான் மக்டலீனுக்கு முன்னால் வந்து நின்றாள். கத்தவில்லை. வயிற்றின் கீழ்ப்பக்கத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள்:

"ஆக்கள் ஏறி ஓடுவாங்கண்டு தெரிஞ்சுதானக்கா பூசின நீங்க?"

போலந்து என்று சொன்னார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். போலந்தில் ஏறி ஓடுவது யார்? அங்கேயும் ஒரு வயிற்றுக்காரி பக்க ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளியிருப்பாள். நாலு வருடத்தில் அது அவளுக்குத் தோன்றவேயில்லை என்பது அந்தக் கணத்தில் மற்ற எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

"தெரிஞ்சுதான் தங்கச்சி," என்றாள்.

பிறகு, "நான் எடுக்கிறன்," என்றாள் தினேஸிடம். "என்ன விலை சொன்னனீங்கள்? நூற்றுப் பன்னிரண்டு. திங்கக்கிழமை வங்கியிலை மாத்திவிடுறன். கார் இனி றோட்டுக்குப் போகக்கூடாது. ட்ராம்மன் பொடியனுக்கு இப்பவே போன் எடுங்கோ."

தினேஸ் நம்பாமல் பார்த்தான். பிறகு அவனுக்குள்ளிருந்த நல்லவன் தலைதூக்கினான். "நானும் ரெண்டு வருசம் ஓடிட்டன் அக்கா. ஒரு நூறு தந்தா…"

"ஓம், ஓம், நூறெண்டால் நியாயந்தான்," என்றார் பாலேந்திரன். எவருடைய பேரமானாலும் விலை இறங்குவதைக் கண்டால் அவருடைய வாய் தானாகத் திறந்துவிடும். சொன்னபிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார்.

"முழுசாத்தான் வேணும்," என்றாள் துசாந்தினி கணவனைப் பார்க்காமல். "ஒரு குரோனும் குறைக்காதீங்க."

"குறைக்க வேண்டாம்," என்றாள் மக்டலீனும். விற்பவன் குறைக்கப் பார்க்க, வாங்குபவள் கூடாது என்று நின்ற வியாபாரம் அந்தத் தரிப்பிடத்தில் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை. கைகொடுக்காமலே முடிந்தது.

பாலேந்திரன் ஐந்நூறைத் திரும்பப் பணப்பைக்குள் வைத்துவிட்டு, மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கம்சிகா அசையவில்லை. இன்னும் அந்த வெடிப்புக்கு முன்னால்தான் குந்திக்கொண்டிருந்தாள். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். ஒரு மாதிரியில் கிருமி தெரிந்தால் மற்ற மாதிரிகளைப் பற்றிக் கேட்பது அவளுடைய தொழில்.

"அன்ரி, இது ஒண்டுதானோ?"

அந்தக் கேள்வி வரக்கூடாது என்று மக்டலீன் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"மூண்டு," என்றாள். "இதோடை மூண்டு. ஒண்டு கரும்பச்சை. மற்றது வெள்ளி நிறம். எல்லாம் அந்த மாசத்திலை பூசினது."

"அதுகள் எங்கை?"

"தெரியாது பிள்ளை."

திங்கட்கிழமை காலையில் வங்கிக்குப் போனாள். மத்தியானம் பட்டறை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. பட்டறையின் சாவிக்கொத்தை மட்டும் திருப்பிக் கேட்டார். பங்கு பற்றி அவர் பேசவில்லை. கட்டுவதற்குக் காசு மிச்சமில்லை என்பதால் அவளும் பேசவில்லை.

புதன்கிழமை இழுவை லொறி பிடித்து, காரை உடைக்கும் முற்றத்துக்குக் கொண்டுபோனாள். முற்றத்தில் நின்றவன் சிவப்புக் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சில்லும் விளக்கும் நல்ல விலைக்குப் போகும், கழற்றி விற்கலாமே என்றான். தன் கண் முன்னால் நசுக்கினால் போதும் என்றாள். இரும்புக் கை இறங்கி, கூரையைக் கவ்வித் தூக்கியது. ஆள் உயரத்துக்கு மேலே போகுமுன் ஏதோ ஒன்று கடகடவென்று நெரிந்தது. கார் வளையவில்லை. நடுவில், ஆசனங்களுக்குக் கீழே, கோடு கிழித்ததுபோல விட்டுக்கொடுத்தது. பின்பாதி சேற்றில் விழுந்து நின்றது, முன்பாதி கையில் தொங்கியது. இயந்திரக்காரன் பயந்துபோய் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். விழுந்த பாதியின் பூச்சில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை. மழைத்துளிகள் அதில் உருண்டு ஓடின.

பிறகு வாகனப் பதிவுக் கந்தோருக்குப் போனாள். வரிசை எண் எடுத்துக் காத்திருந்து, மேசைக்குப் பின்னாலிருந்த பெண்ணிடம் இரண்டு கார்களைப் பற்றிச் சொன்னாள். இலக்கத் தகடு தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். தெரியாது. எஞ்சின் இலக்கம்? தெரியாது. கரும்பச்சை என்றும் வெள்ளி என்றும் தேடினால் நாடு முழுக்க வரும், என்றாள் அந்தப் பெண், தயவாகத்தான். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதும்படி ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் தன் பெயரை எழுதும்போது மக்டலீன், தான் செய்தது என்னவென்றும் கீழே இரண்டு வரி எழுதினாள். அதற்குப் படிவத்தின் கட்டத்துக்குள் இடம் போதவில்லை. தாளின் ஓரத்தில் ஏறி எழுதினாள்.

அதன்பிறகு கார் பார்க்க வரும்படி எவரும் கூப்பிடவில்லை. சனிக்கிழமைகளில் அவளாகவே போகிறாள். கடைகளின் தரிப்பிடங்கள், ரயில் நிலையங்கள், சுவீடன் எல்லைக்கு மலிவு இறைச்சி வாங்கப் போகிறவர்கள் நிறுத்தும் வெளி. கரும்பச்சையிலோ வெள்ளி நிறத்திலோ பழைய கார் ஒன்றைக் கண்டால் விளக்கைக் கிடையாகப் பிடித்துக் குனிகிறாள். இரண்டு தடவை சொந்தக்காரர்கள் கத்தியிருக்கிறார்கள், ஒரு தடவை பொலிஸ் வந்தது.

கணக்கு இவ்வளவுதான். தினேஸுக்குக் கொடுத்தது ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம். இழுவை லொறிக்கு ஆயிரத்து இருநூறு. பழைய காரை உடைக்கக் கொடுத்தால் அரசாங்கம் தருவது ஆயிரத்து ஐந்நூறு; தந்தது. பாக்கியராசா முன்பே எண்ணித் தந்தது பதினையாயிரம். கூட்டிக் கழித்தால் அவளுடைய கையிலிருந்து போனது தொண்ணூற்றாறாயிரத்து எழுநூறு. கார் வகையில்: பூசியது மூன்று, நசுக்கியது ஒன்று, நிலுவை இரண்டு.